கீழே வைக்க முடியாத கொம்பு

ஷால்வா வாத்தியாருக்கு அன்றைக்கு நாற்பத்தொன்றாவது நாள். நாற்பத்தொரு நாளாக ஒரு சொட்டு ஒயின் தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் ருஸ்தாவியில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும் அடுத்த கேள்வி, "ஊசி போட்டுக்கிட்டாரா?" என்பதாகத்தான் இருக்கும். அதனால் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊசி என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடியை விட முடியாத ஆளை வீட்டுப் பெண்கள் திபிலிசிக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு, ஆளைக் கண்ணுக்குக் கண் பார்த்து, தாழ்ந்த குரலில் அரை மணி நேரம் பேசுவார். பிறகு ஒரு ஊசி. பிறகு ஒரு காகிதம். ஒரு வருஷத்துக்குள் ஒரு வாய் குடித்தாலும் இதயம் நின்றுவிடும், அதற்கு டாக்டர் பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறவன் அன்றிலிருந்து ஊசிக்காரன். ஊசிக்காரனையும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிடாமல் இல்லை. மேஜையின் கோடியில் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்கு ஊற்றுகிற அதே பச்சை லெமனேடை அவனுக்கும் ஊற்றுவார்கள்.

ஷால்வாவோ பள்ளிக்கூடத்தின் தமதா. எங்கள் விருந்தில் தமதா இல்லாமல் யாரும் கோப்பையைத் தொடமுடியாது. அவர்தான் எழுந்து நிற்பார், இந்தச் சுற்று யாருக்காக என்று பேசுவார், முதலில் காலி செய்வார். அவர் குடித்தால்தான் மேஜை குடிக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் பிறந்தநாளானாலும் பணி ஓய்வானாலும் இழவானாலும் ஷால்வாதான் தமதா. பேச ஆரம்பித்தால் பள்ளிக் காவலாளிகூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அவர் புவியியல் பாடம் நடத்துகிறவர் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஷால்வா பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார், போதையில் தடுமாறினார், நாலு படி உருண்டார். குழந்தைக்குக் கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எத்தேரி அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினாள். எத்தேரி அவர் மனைவி, அதே பள்ளியில் பாட்டு டீச்சர். இத்தாலியில் அவளுடைய அக்கா இருக்கிறாள், அங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டு ஒரு வருஷமாகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தாள். ஷால்வா பெட்டியின் மேல் உட்கார்ந்து கெஞ்சினார்.

"ஊசி போட்டுக்கோ, இருக்கேன்," என்றாள் எத்தேரி. "அதுக்கப்புறம் ஒரு தரம் குடிச்சே, ஒண்ணு நீ போயிடுவே, இல்ல நான் போயிடுவேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கறது மட்டும் நடக்காது."

போட்டுக்கொண்டார். அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. ஒவ்வொரு அக்டோபரிலும், திராட்சை அறுப்பு முடிந்ததும், தலைமையாசிரியை லமாரா பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மொத்தப் பேரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கஹேத்திக்கு அழைத்துப்போவாள். மூன்று பழைய நிலவறைகள், மூன்று இடத்திலும் ருசி பார்ப்பது, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவது. வரமாட்டேன் என்று சொன்னால் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டார்கள். பல்லில் சீழ், ஆன்டிபயாட்டிக் மாத்திரை, குடித்தால் ஆகாது.

பொய் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே கோச்சா எழுந்து வந்து பக்கத்து இருக்கையின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டான். கோச்சா உடற்பயிற்சி வாத்தியார், முப்பத்தைந்து வயசு, வாயை மூடத் தெரியாதவன்.

"எந்தப் பல்லுண்ணே?"

ஷால்வா இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எங்க மாமா இப்படித்தான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே குடிச்சாரு. ஒண்ணும் ஆகலை. பல்லும் விழுந்துச்சு, வலியும் விழுந்துச்சு."

"உங்க மாமாவுக்கு மாத்திரை குடுத்தது மாட்டு டாக்டர்," என்றாள் எத்தேரி. பஸ் சிரித்தது. கோச்சாவும் சிரித்தான், ஆனால் நகரவில்லை.

முதல் இடம் பழைய பிரபு ஒருவரின் மாளிகை. நிலவறைக்கு இறங்க முப்பது படி, சுவரெல்லாம் தூசி படிந்த பாட்டில்கள், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். மெல்லிய கால் வைத்த கண்ணாடிக் கோப்பைகளில் விரல்கடை அளவு ஊற்றினாள். மேஜை நடுவில் ஒரு செம்புப் பாத்திரம். அது துப்புவதற்கு. வெளிநாட்டுக்காரர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்து அதில் துப்புவார்கள். எங்கள் ஆட்களில் யாரும் ஒயினைத் துப்பி நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

கோப்பையைக் கையில் வாங்கியதும் வாசனை ஷால்வாவின் மூக்கில் ஏறியது. நாக்கடியில் எச்சில் ஊறியது. வாசனையே உள்ளே போனால் அதுவும் கணக்கில் வருமா என்று டாக்டரிடம் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று நினைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் லமாராவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோப்பையைச் செம்புப் பாத்திரத்தில் கவிழ்த்தார்.

"ஐயாவுக்குப் பிடிக்கலையா? வேற தரட்டுமா?" என்று அந்தப் பெண் கணீரென்று கேட்டாள். நல்ல பெண்தான், வேலையில் சுத்தம். இருபத்திரண்டு தலைகள் திரும்பின.

"பல்லு," என்று ஷால்வா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பஸ்ல இடது பக்கம் இருந்துச்சு," என்றான் கோச்சா. "இப்ப வலது பக்கம் குடி வந்துருச்சு. ஓடுற பல்லா இருக்கும் போல."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷால்வாவும் சிரித்தார். கையை எந்தக் கன்னத்துக்கு மாற்றுவது என்று தெரியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

இரண்டாவது இடம் மலையடியில் ஒரு மடாலயம். அங்கே கோப்பை இல்லை. தரையில் கழுத்துவரை புதைத்த தாழிகளில் ஒன்றின் மூடியைத் தாடிவைத்த துறவி ஒருவர் திறந்து, நீண்ட காம்புள்ள சுரைக்குடுவையால் மொண்டு, ஒரே மண்கிண்ணத்தில் ஊற்றி, கை மாற்றி அனுப்பினார். எல்லோரும் ஒவ்வொரு வாய். துறவி ஊற்றியதை மறுக்க எவனுக்கு நெஞ்சு வரும்? கிண்ணம் வந்தது. ஷால்வா விளிம்பை உதட்டில் வைத்து, பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கி, எத்தேரியிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு கோயிலுக்குப் பின்பக்கம் நடந்தார். சட்டைக் கையால் உதட்டைத் தோல் எரியும்வரை தேய்த்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அது குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

எத்தேரி வந்தாள்.

"நாக்குல பட்டுச்சா?"

"உதட்டுல. உள்பக்கம் கொஞ்சம் பட்டிருக்கும் போல."

"உதடெல்லாம் கணக்கில்ல."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னார்."

"எங்கிட்ட அப்படிச் சொல்லலையே."

"ஷால்வா, முகத்தைக் கழுவு. குழந்தையாட்டம் நிக்காதே."

குழாயடியில் முகத்தைக் கழுவினார். வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். எப்படிப் போவது என்று அவள் கேட்டாள். டவுன் பன்னிரண்டு கிலோமீட்டர், இவர்கள் வந்த பஸ்ஸைத் தவிர அந்த ரோட்டில் நாய்கூட இல்லை.

"அப்ப சொல்லிடு. மூணாவது இடத்துக்கு முன்னாடியே சொல்லிடு. லமாராகிட்ட மட்டும். அவ உன்னைக் காப்பாத்துவா."

ஷால்வா வாயைத் திறந்தார். லமாராவிடம் சொன்னால் லமாரா சிசனாவிடம் சொல்லுவாள், சிசனா ரசாயன டீச்சர், அவள் காதில் விழுந்தது திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புவரை போகும். கரும்பலகையில் எவனாவது ஊசி படம் வரைந்து வைப்பான். பத்தொன்பது வருஷம் மேஜைத் தலையில் நின்று பேசிய மனுஷன் கோடியில் உட்கார்ந்து பச்சை லெமனேட் குடிப்பான்.

"முடியாது," என்றார்.

"அப்ப செத்துத் தொலை," என்றாள் எத்தேரி. சொன்னவள் உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்வரை விடவே இல்லை.

மூன்றாவது இடம் ஒரு கிராமத்து வீடு. ரெவாஸ் என்கிற பெரியவருடையது. அவருடைய குடும்பம் முந்நூறு வருஷமாக அதே நிலவறையில்தான் ஒயின் போடுகிறது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த, திராட்சை மிதிக்கிற தொட்டி, தரையில் பதினாலு தாழிகள், குனிந்து நுழைய வேண்டிய கதவு. உள்ளேயே நீள மேஜை போட்டிருந்தார்கள். திராட்சைக் கொடி விறகில் சுட்ட பன்றிக்கறி, பாலாடைக்கட்டி, நீள ரொட்டி, புளிப்பு பிளம்ஸ் சட்னி. இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் சுவர். தமதாவின் நாற்காலி மேஜைத் தலையில், அதற்கும் பின்னால் சுவர். ஷால்வாவை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். யார் தமதா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. வலப்பக்கம் எத்தேரி, இடப்பக்கம் லமாரா. அதற்கப்புறம் பக்கத்துக்குப் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெளியே போகவேண்டும் என்றால் பத்துப் பேர் எழுந்திருக்க வேண்டும். ஷால்வா கதவைப் பார்த்தார். இருபது அடி தூரத்தில் தெரிந்த வெளிச்சம் இருபது ஊர் தள்ளி இருப்பதாகப் பட்டது அவருக்கு.

வசமாக மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு எனக்கு லெமனேட்தான். பல்லு," என்று எழுந்து, முதல் சுற்றைக் கடவுளுக்கும் சமாதானத்துக்கும் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்து அந்தப் பச்சைத் தண்ணீரை உயர்த்தினார். "காவ்மார்ஜோஸ்" என்று, அதாவது ஜெயம் உண்டாகட்டும் என்று பதில் வந்தது, ஆனால் பாதிப் பேர் வாயிலிருந்துதான் வந்தது.

எங்கள் ஊரில் ஒயினால் வாழ்த்தலாம், சாராயத்தால் வாழ்த்தலாம். லெமனேடையோ பீரையோ தூக்கினால் அது ஆகாதவனுக்கு. அரசாங்கத்துக்கு, வரி வசூலிக்கிறவனுக்கு, மச்சினியை ஏமாற்றிவிட்டுப் போனவனுக்கு. கோபத்தை மரியாதையாகச் சொல்ல அது ஒரு வழி. கடவுளுக்கு லெமனேட் தூக்கி அந்த நிலவறை முந்நூறு வருஷத்தில் பார்த்திருக்காது.

ரெவாஸ் மீசையைத் தடவினார். "வாத்தியாரே, நீங்க விருந்தாளி, நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா எங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் எழுந்து வெளிய போயிருப்பாரு."

"மன்னிச்சுக்குங்க. மாத்திரை."

"கடவுள் மன்னிப்பாரு, அவருக்கும் பல்லு வலி வந்திருக்கும்," என்றான் கோச்சா. "ரெண்டாவது சுற்று நாட்டுக்கு. அண்ணே, நாட்டுக்கும் பச்சைதானா? எதிரி நாட்டு உளவாளியா நீங்க?"

இரண்டாவதையும் பச்சையிலேயே ஓட்டினார். சட்டைக்குள் வேர்த்து ஊற்றியது. மேஜையில் சிரிப்புக் குறைந்துவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு தமதா தன் மேஜையை இழப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு பேரும் அவரைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்தார்கள். அவமானத்தில் காது சுட்டது.

மூன்றாவது சுற்று இறந்துபோனவர்களுக்கு. அதைத் தள்ளிப்போடவும் முடியாது, தாண்டிப் போகவும் முடியாது. ஷால்வா எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் கை லெமனேட் டம்ளர் பக்கம் போனது. லமாரா தன் உள்ளங்கையால் அந்த டம்ளரின் வாயை மூடினாள்.

லமாராவின் புருஷன் குராம் ஏப்ரலில் இறந்துபோனார். ஷால்வாவுக்கு உயிர் நண்பர். இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் ஒரே ஜாடியிலிருந்து குடித்தவர்கள். குராமைக் கொண்டுபோனது ஈரல்தான், அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. இழவு வீட்டில் ஷால்வா பேசிய பேச்சை இன்றைக்கும் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"குராமுக்கு லெமனேடா, ஷால்வா?" என்றாள் லமாரா. சத்தமே இல்லை அவள் குரலில். "அவர் உனக்கு என்ன கெடுதல் பண்ணினார்?"

ஷால்வா பேச வாயெடுத்தார். இப்போது சொல்லிவிடலாம். நான் ஊசிக்காரன், லமாரா, குடித்தால் செத்துப்போவேன். இவ்வளவுதான். லமாராவின் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. கோச்சாகூட வாயை மூடிக்கொண்டு நின்றான். ரெவாஸ் ஒரு கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். சொல்வது கஷ்டம், சாவது சுலபம் என்று தோன்றியது அந்த மனுஷனுக்கு. நான் கதை கட்டவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. ஒரு வாக்கியம் சொல்வதைவிட நின்றபடி சாவதை அவர் தேர்ந்தெடுத்தார்.

வழக்கப்படி செத்தவர் பங்காக ரொட்டியில் மூன்று சொட்டு விட்டார். "குராமுக்கு," என்றார். குடித்தார். முழுக்க.

உட்கார்ந்தார். மேஜை முழுக்க ஒரு பெருமூச்சு வந்தது. யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். எதிர்வரிசையில் நாலு ஆண்கள் பழைய பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள், அடித்தொண்டையில் ஒருத்தர் இழுக்க மற்றவர்கள் அதன்மேல் ஏறினார்கள். ஷால்வா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முதலில் மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்து மார்பு இறுகும், கண் இருட்டும். மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பேரனின் கால்விரல்கள் வந்தன. மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணினார். அறுபது. நூறு. வயிற்றில் ஒரு சூடு பரவியது, தோளுக்கு ஏறியது, நாற்பத்தொரு நாளாக இறுகிப்போயிருந்த கழுத்து நரம்பு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. இருநூறு.

சாகவில்லை.

நாடி பார்த்தார். நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது, காலையிலிருந்து அவ்வளவு நிதானமாக அடிக்கவே இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. வலப்பக்கம் திரும்பினார். எத்தேரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பையைத் தட்டிவிடவில்லை, எழுந்திருக்கவில்லை, டாக்டரைக் கூப்பிடச் சொல்லவில்லை. அவள் முகத்தில் பயம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு களைப்பு மட்டும் இருந்தது.

பாட்டுச் சத்தத்துக்கு அடியில் அவள் காதருகே குனிந்தார்.

"நான் சாகப்போறேன்னு நீ பயப்படலை."

அவள் பாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தேரி. உன் பக்கத்துல உக்காந்துதான் குடிச்சேன்."

"கத்தியிருக்கணும்," என்றாள். "கத்த மறந்துட்டேன்."

"ஊசியில என்ன இருந்துச்சு?"

"வைட்டமின்."

பாட்டு உயரத்துக்குப் போய் இறங்கியது. சிசனா கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னை வெளிய உக்காரவச்சுட்டு டாக்டர் எங்கிட்டத் தனியா சொன்னார். மருந்துன்னு ஒண்ணும் கிடையாது, பயம்தான் மருந்து, அதை நீங்கதான் பத்திரமா பாத்துக்கணும்னார். ராத்திரி பகலா பாத்துக்கிட்டேன். நீ நாடி பிடிச்சுப் பாக்கும்போதெல்லாம் நானும் பயந்த மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப நீ கையில எடுத்ததும் எனக்கு வேற ஒண்ணும் தோணலை. அய்யோ, குடிச்சுடப்போறானே, அவ்வளவுதான் தோணுச்சு. செத்துடுவானேன்னு தோணலை."

ஷால்வாவுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. ஒரு கிழட்டு முட்டாளை ஆட்டுவித்த மாதிரி என்னை ஆட்டுவித்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கோயில் சுவருக்குப் பின்னால் உதட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றதை நினைத்துக் கூசினார். ஆனால் அந்த ஆத்திரம் நிற்கவில்லை, அதுதான் பயங்கரம். அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. அப்படியானால் குடிக்கலாம். ஒன்றும் ஆகாது. யாரும் சாகமாட்டார்கள். அந்தச் சந்தோஷம் வந்த வேகத்தைப் பார்த்து அவரே திடுக்கிட்டார். இத்தனை நாளும் அவரைப் பிடித்து நிறுத்தியது சாவு பயம் ஒன்றுதான், மனைவியோ மகளோ உருண்டு விழுந்த பேரனோ இல்லை என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. அந்தப் பயமும் இப்போது கையில் இல்லை.

"வாத்தியார் திரும்பி வந்துட்டார்," என்று ரெவாஸ் எழுந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. சுவரில் தொங்கிய காட்டாட்டுக் கொம்பை எடுத்தார், வெள்ளி விளிம்பு போட்டது, அரை லிட்டர் பிடிக்கும். தாழியிலிருந்து மொண்டு வந்த ஜாடியைச் சாய்த்து விளிம்புவரை நிரப்பினார். "எங்க அப்பா காலத்துக் கொம்பு. தமதாவுக்கு மட்டும்தான் குடுப்போம். அடுத்த சுற்று பெண்களுக்கு. பேசுங்க."

கொம்பின் அடி கூர். நிமிர்த்தி வைக்க முடியாது, படுக்கவைத்தால் கொட்டிவிடும். கையில் வாங்கினால் காலி செய்யும்வரை கையில்தான். அதற்காகத்தான் அதைக் கொம்பில் தருகிறார்கள். ஷால்வா எழுந்து வாங்கிக்கொண்டார். கனத்தது. பின்னால் சுவர், இரண்டு பக்கமும் ஆட்கள், முன்னால் அத்தனை முகங்கள். எல்லா முகமும் அவரை மறுபடி அன்போடு பார்த்தது.

"பெண்களுக்கு," என்று ஆரம்பித்தார். குரல் பழையபடி வந்துவிட்டது, எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "நம்ம வீட்டுப் பெண்கள் நமக்காகச் சொல்ற பொய்யெல்லாம் ஒரு மூட்டையில கட்டினா, அதைத் தூக்க நம்ம பஸ் பத்தாது." சிரித்தார்கள். "அந்தப் பொய்யிலதான் நாம உயிரோட இருக்கோம். அது நமக்குத் தெரியறதில்லை. தெரியும்போது…"

அதற்கு மேல் வரவில்லை. மேஜை காத்திருந்தது. ஷால்வா குரல் கம்மி நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தான், அழகுக்கு நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவருடைய கண்கள் கொம்பின் வாயில் இருந்தன. ஒயின் தேன் நிறத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எத்தேரி எழுந்து நின்றாள்.

"எனக்குக் கொடு," என்றாள்.

தமதா தானாகப் பார்த்து ஒருத்தருக்குக் கைமாற்றலாம். மேஜையில் யாரும் வாய்விட்டுக் கேட்பது வழக்கமில்லை, பெண்கள் கேட்டுக் கேள்விப்பட்டதே இல்லை. எத்தேரி விருந்தில் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுகிறவள், அது எல்லோருக்கும் தெரியும். கோச்சா ஒரு விசில் அடித்தான். "எத்தேரி டீச்சர், பெண்களுக்கான சுற்றைப் பெண்களே குடிச்சா நாங்க எதுக்கு?"

"நீ எதுக்குன்னு உங்கம்மாவே இன்னும் கண்டுபிடிக்கலை, உக்காரு," என்றாள் எத்தேரி. ஆனால் கோச்சாவைப் பார்க்கவில்லை. "கொடு, ஷால்வா."

அவள் கொம்பின் மேல் கை வைத்தாள். அவர் விரல்கள் உடனே விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், விளிம்பில் கொஞ்சம் சிந்தி அவர் மணிக்கட்டில் ஓடியது. அப்புறம் அவள் இழுத்தாள், அது அவள் கைக்குப் போனது.

இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். குடிக்கத் தெரியாதவள் குடிக்கிற மாதிரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து விழுங்குவதுபோல மடக்கு மடக்காக. பாதியில் இருமினாள். ஒயின் முகவாயில் வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்தது. நிறுத்தவில்லை. மேஜை எழுந்து நின்று தாளம் போட்டது. லமாரா, "போதும்டி, போதும்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். யாருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஷால்வா அவளைப் பார்க்கவில்லை. அவள் தனக்காகத்தான் குடிக்கிறாள் என்று தெரியும், முப்பது வருஷத்தில் யாரும் தனக்காக இப்படி ஒன்று செய்ததில்லை என்றும் தெரியும். அழவேண்டிய நேரம் அது. அவர் கண்களோ கொம்பின் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் எவ்வளவு இருக்கும், பாதி இருக்குமா, கால் இருக்குமா, இவ்வளவு வேகமாகக் குடிக்கிறாளே, எனக்குக் கொஞ்சம் வைப்பாளா. இதைத்தான் அவர் மனசு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை அடக்கப் பார்த்தார், அது அடங்கவில்லை.

எத்தேரி கொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. கைதட்டல் நிலவறைச் சுவரில் மோதித் திரும்பியது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கண் கலங்க, அவர் பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஷால்வா சட்டென்று கண்ணைத் தாழ்த்தினார், ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"போதுமா?" என்றாள் மெதுவாக. "இது போதுமா, ஷால்வா?"

ரெவாஸ் நிரம்பிய ஜாடியோடு பக்கத்தில் வந்து நின்றார். "கொம்பு தமதாகிட்டத் திரும்பி வரணும், அதுதான் முறை," என்றார் சந்தோஷமாக.

ஷால்வா அவள் கையிலிருந்து கொம்பை வாங்கி, ரெவாஸ் பக்கம் நீட்டினார்.

எத்தேரி பெஞ்சில் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்து, சுவரைப் பார்த்தபடி மென்று தின்ன ஆரம்பித்தாள். பஸ் கிளம்ப இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.